ஆறு வாரத்தில் இருநூற்றுப் பதினான்கு கிராமங்கள்

இதனால் தென்காசி, குற்றாலம், இலஞ்சி மற்றும் சுற்றியுள்ள ஊர்களில் வாழும் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: 1961ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினெட்டாம் தேதி சனிக்கிழமை மாலை ஐந்து மணி முப்பத்தைந்து நிமிடத்துக்கு, பாரத நாட்டின் வேலையில்லாத் திண்டாட்டம் ஒரு முடிவுக்கு வந்தது. ஐந்து மணிக்கே வந்திருக்கும். மைக் வேலை செய்யாததால் தாமதமாயிற்று.

முடிவுக்குக் கொண்டுவந்தவர் ஒரு கல்லூரியின் பிரின்ஸிபால். ஆண்டு விழா மேடையில், கழுத்து மாலையைக் கழற்றாமலே அவர் முழங்கினார்: "படிப்பு ஒரு கரை. உத்தியோகம் மறு கரை. நடுவே ஒரு பாலம் தேவை. அந்தப் பாலத்தை இந்தக் கல்லூரி கட்டிவிட்டது. அதன் பெயர் செயல்முறைப் பயிற்சி!" கைதட்டல் பலமாக இருந்தது. கல்லூரிக்கு வரும் வழியில் ஓடைப் பாலம் இடிந்து இரண்டு வருடமாகியிருந்தது. அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தட்டியவர்களும் உண்டு.

திட்டம் எளிமையானது. கடைசி வருடப் பரீட்சை எழுதி முடித்தவர்கள் ஜூன் மாதம் தொடங்கி ஆறு வாரம் ஏதாவது ஓர் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ போய் இருக்க வேண்டும். இருந்துவிட்டு, கற்றது என்ன என்று பத்துப் பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழைப் பார்த்ததும் உத்தியோகம் தானாக வீடு தேடி வரும். எந்த வீட்டுக்கு எப்போது வரும் என்பதை மட்டும் பிரின்ஸிபால் சொல்லவில்லை.

தென்காசிப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். ஒருவன் குத்துக்கல்வலசை சொரிமுத்து. அவனுக்குச் செங்கோட்டையில் ஒரு மர டிப்போவில் இடம் கிடைத்தது. இன்னொருவன் இலஞ்சி தாணுமாலயன். அவனுக்குத் தென்காசியில் ஒரு அரசாங்க அலுவலகம். இரண்டு பேரும் பி.ஏ. பொருளாதாரம். ஒரே பெஞ்சு.

தாணுமாலயனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கோளாறு. எதையாவது பார்த்தால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பான். பதில் சொன்னால் விடமாட்டான், சோதித்துப் பார்ப்பான். கோவில் மணி அடித்ததும் புறா பறப்பது சத்தத்துக்கா, அடிப்பவர் கையைத் தூக்குவதற்கா என்று பார்க்க, பத்து வயதில் மணியின் நாக்கில் துணி சுற்றிவைத்து உதை வாங்கியவன். கல்லூரி இந்தக் கோளாறைக் குணப்படுத்தவில்லை. அதற்குப் பெயர் வைத்துக் கொடுத்தது: ஆராய்ச்சி மனப்பான்மை.

அவன் அம்மா இராமலட்சுமிக்கு ஆராய்ச்சியெல்லாம் தெரியாது. காலண்டர் தெரியும்.

"ஆவணி பொறக்கதுக்குள்ள சோலி கெடைச்சாச் சரி. இல்லேன்னா ஆலங்குளத்துக்கு மாமா கடைக்குப் போயிரணும். முக்காலி போட்டு வச்சிருக்கானாம்."

"முக்காலி எதுக்கு?"

"பாத்திரத்துல பேரு வெட்டத்தான். போன மாசம் அங்கன இருந்தவன், மாப்பிள்ளை வீட்டுப் பானையில பொண்ணு வீட்டுப் பேர வெட்டிப்புட்டான். கல்யாண வீட்டுல ஒரே ரகளை. பி.ஏ. படிச்சவன் வெட்டினா அந்தத் தப்பு வராதுல்லா?"

நாள் முழுக்க ஒரு முக்காலியில் குந்தி, உளியும் சுத்தியலுமாக, ஊரார் பெயரை ஊரார் பாத்திரத்தில் டொக் டொக்கென்று வெட்டிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்க்கவே தாணுமாலயனுக்குப் பிடிக்கவில்லை. அந்த முக்காலிக்கும் அவனுக்கும் நடுவில் இருந்தது ஆறு வாரம்.

அலுவலகத்தின் பெயர் வட்டாரப் பனைநார்த் தொழில் கணக்கெடுப்பு நிலையம். ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு மாடி. பனைநாரில் கட்டில் பின்னுகிறவர்கள், பெட்டி முடைகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்வதற்காக 1951இல் தற்காலிகமாகத் திறந்தார்கள். எண்ணி முடிந்ததும் மூடிவிடுவதாக உத்தேசம். மூடிவிடுவார்கள் என்று தெரிந்ததால் யாரும் எண்ணவில்லை. ஆபீசர் நாற்காலி 1954 முதல் காலி. அதில் ஒரு ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருக்கும். துண்டு, மாடனையும் கூட்டிப் போய் அருவியில் குளித்துவிட்டே ஆபீசுக்கு வரும் ஹெட்கிளார்க் குத்தாலிங்கத்துடையது. அவரைத் தவிர பியூன் மாடன். மேலே சென்னையில் ஒரு டைரக்டர். அவ்வளவுதான் நிலையம்.

முதல் நாள் குத்தாலிங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னலே படிச்சிருக்கே?"

"பி.ஏ. எக்கனாமிக்ஸ், அண்ணாச்சி."

"அது ஒண்ணும் செய்யாது. உட்காரு."

"நான் என்ன சோலி செய்யணும்?"

"இப்பம் என்ன சொன்னேன்?"

"உட்காரச் சொன்னிய."

"அதைச் செய்யி."

இரண்டு நாள் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் பொறுக்க முடியவில்லை. எழுந்து பீரோவைத் திறந்தான். பத்து வருடத்துப் பைல்கள். தூசியைத் தட்டி ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தான். குத்தாலிங்கம் தடுக்கவில்லை. படிக்கிறவனால் என்ன கெடுதல் வந்துவிடும் என்று நினைத்துவிட்டார். அனுபவசாலிகள் செய்யும் பிழை இது.

பைல்களில் இரண்டு விஷயம் அவன் கண்ணில் பட்டது. முதலாவது, அனுமதி கிடைத்து மஞ்சூர் ஆன காகிதம் எல்லாவற்றிலும் ஜூலை மாதத் தேதி. நாற்காலிக்குப் பிரம்பு பின்ன அனுமதி, ஜூலை. பியூனுக்குக் குடை, ஜூலை. நிலையத்தை மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்க உத்தரவு, எட்டு வருடமும் ஜூலை. மற்றப் பதினோரு மாதங்களிலும் சென்னையிலிருந்து வந்தவை எல்லாம் கேள்விகள். இதற்கு விளக்கம் சுலபமாகக் கிடைத்தது. ஜூலையில் குற்றாலத்தில் சாரல். மழைக்காலத்தில் பனைநார்த் தொழில் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்வையிட டைரக்டர் வருடம் தவறாமல் ஜூலையில்தான் முகாம் வருவார். பேரருவிக்கு இருநூறு கஜத்தில் ஒரு பங்களாவில் தங்கி, அங்கிருந்தே பார்வையிடுவார்.

இரண்டாவது விஷயம்தான் அவன் தூக்கத்தைக் கெடுத்தது. சென்னையில் போட்ட கையெழுத்துகள் கோட்டின் மேல் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. ஜூலைக் கையெழுத்துகள் கோட்டைவிட்டு அரை அங்குலம் மேலே ஏறியிருந்தன. சில, குத்தாலிங்கத்தின் பெயர் மேலேயே படுத்திருந்தன. 1957இல் ஒன்று காகிதத்தை விட்டு இறங்கி, பைல் கட்டும் நாடாவில் முடிந்திருந்தது. ஒரே மனிதர், ஒரே பேனா. மலைக்குக் கீழே வந்ததும் கையெழுத்து ஏன் மேலே ஏறுகிறது?

மாடனிடம் கேட்டான்.

"அருவியில குளிச்சா கை நடுங்கும்லா தம்பி" என்றான் மாடன், எங்கோ பார்த்துக்கொண்டு.

நியாயமான காரணம். ஆகவே சோதிக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பரீட்சை அட்டை, கோடு போட்ட காகிதம், பேனா சகிதம் குற்றாலத்துக்குப் போனான். பேரருவியில் முக்கால் மணி நேரம் நின்றான். பல் கிட்டிக்கொண்ட பிறகு வெளியே வந்து, சொட்டச் சொட்ட உட்கார்ந்து இருபது கையெழுத்துப் போட்டான். பக்கத்தில் நிழல் விழுந்தது. இடுப்பில் ஈரத்துண்டுடன் சொரிமுத்து நின்றுகொண்டிருந்தான்.

"என்னலே தாணு, அருவிக்கு ரசீது குடுக்கியா?"

"ஏலே, நீ டிப்போவுக்குப் போகதே இல்லியா? ஆறு நாளும் இங்கனயேதான் கெடக்கன்னு மாடண்ணன் சொன்னாரு."

"அம்மா தூக்குச்சட்டியில சோறு குடுத்து அனுப்புதா. செங்கோட்டைக்குன்னுதான் கெளம்புதேன். இந்தக் குத்தாலம் பஸ்ஸுதான் முதல்ல வந்து தொலையுது. இன்னைக்குச் சாரலு நல்லாருக்கு. நாளைக்குப் போவோம்."

"பயிற்சி வேண்டாமாலே?"

"மரத்துக்குக் கீழதான நிக்கேன்?"

இருபது கையெழுத்தும் கோட்டின் மேல் இருந்தன. கொஞ்சம் கோணல். ஆனால் ஒன்றுகூட ஏறவில்லை. ஆக, குளிர் காரணமல்ல. எண்ணெய்க் குளியலில் கை வழுக்கியிருக்கலாம் என்றால், பைலில் எண்ணெய்ப் பொட்டு ஒன்றுகூட இல்லை. பங்களா மேசை சாய்ந்திருக்கலாம் என்று போய்ப் பார்த்தான். மேசை நேராக இருந்தது. தாணுமாலயனுக்கு மண்டை குடைந்தது.

ஜூலை மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை ரயிலில் டைரக்டர் வந்து இறங்கினார். கனத்த உடம்பு, கனத்த குரல், தடித்த கறுப்பு விளிம்புடன் மூக்குக்கண்ணாடி. நான்கு நாள் முகாம். குத்தாலிங்கத்தை மற்ற நாட்களில் பார்த்தவர்கள் அந்த நான்கு நாளில் பார்த்தால் வேறு ஆள் என்பார்கள். எந்த அருவியில் எத்தனை மணிக்குக் கூட்டம் குறையும், எந்தத் தேய்ப்புக்காரர் கை பதமாக இருக்கும், மதியம் எந்தக் கறி, பலாச்சுளை எத்தனை கொடுத்தால் தூக்கம் வரும், எத்தனை கொடுத்தால் வயிற்று வலி வரும், எல்லாம் விரல்நுனியில்.

டைரக்டரின் ஒரு நாளில் எண்ணெய் போகும் நேரம், தண்ணீர் போகும் நேரம், சாப்பாடு போகும் நேரம், தூக்கம் போகும் நேரம் எல்லாம் கழித்தால், குளித்துவிட்டு வந்து ஈரம் உலர உட்காரும் அரைமணிதான் மிச்சம். பேரருவியிலிருந்து பங்களாவுக்கு வரும் பாதையில் ஒரு மரத்தடியில் கல்பெஞ்சு. அதில் அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காருவார். குத்தாலிங்கம் பைல்களை நீட்டுவார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கட்டைவிரல் இருக்கும். டைரக்டர் காகிதத்தை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, புருவத்தை நெரித்து, "ஹூம்" என்பார். கையெழுத்து விழும்.

தாணுமாலயன் எண்ணினான். ஒரு பைலுக்கு இருபது விநாடி.

எண்ணிக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் அது தெரிந்தது. டைரக்டர் முகத்தில் ஏதோ குறைந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்புத் தழும்பு. கண்ணாடி இல்லை.

கூட்டத்தில் தேடினான். மங்குஸ்தான் பழக்கடைக்குப் பின்னால், பாறை மறைவில், மாடன் பீடி குடித்துக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் கறுப்பு விளிம்பு.

"மாடண்ணே, ஐயா கண்ணாடி ஒங்ககிட்டயா இருக்கு?"

"சத்தம் போடாதீக தம்பி. குளிக்கப் போகையில எங்கிட்டத்தான் குடுப்பாரு. பைலு முடியுத வரைக்கும் நான் இங்கன நிக்கணும். அண்ணாச்சி உத்தரவு."

"அவரு கேட்டா?"

"எட்டு வருசமாக் கேட்டதே இல்ல. கண்ணு தெரியலன்னு சொன்னா வயசாயிட்டுன்னு ஆயிரும்லா? பெரிய மனுசரு எப்படிக் கேப்பாரு? ஒண்ணு மட்டும் தம்பி. ஐயா கூப்பிட்டாலும் இங்கருந்து நகரப்பிடாது. அதான் இந்த சோலியில உள்ள ஒரே சட்டம்."

இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். தாணுமாலயன் யோசித்தான். மாடன் சொன்னது ஒரு சாட்சியம். கையெழுத்து ஏறுவது ஒரு விளைவு. கண்ணாடிதான் காரணம் என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது? மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று கல்லூரியில் மூன்று வருடம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதே மரம், அதே பெஞ்சு, அதே ஈரத்துண்டு. கண்ணாடி மட்டும் மூக்கில். ஒரே ஒரு பைல் போதும். பத்துப் பக்கத்துக்கு அதைவிட நல்ல முடிவுரை ஏது?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குத்தாலிங்கம் அவனைக் கூப்பிட்டார். முகத்தில் வழக்கமில்லாத கனிவு.

"நாளைக்கு அஞ்சு பைலு போகுது. அஞ்சாவது ஒன்னோடது."

"என்னோடதா?"

"புள்ளிவிவர உதவியாளர்னு புதுசா ஒரு போஸ்டு கேட்டிருக்கேன். ஒன் பேரப் போட்டு. ஒரு மாசமா இந்தத் தூசியில கெடக்கியே, பாவமா இருந்துச்சு. டைரக்டர் கையெழுத்துப் போட்டா போதும், பெறகு எவனும் அசைக்க முடியாது."

 ஆலங்குளத்து முக்காலி ஒரு மைல் தூரம் நகர்ந்து போனது. தாணுமாலயன் பைலை வாங்கிப் படித்தான். படிக்காமல் இருக்க அவனால் முடியாது. "மேற்படியார் ஆறு வார காலத்தில் வட்டாரத்திலுள்ள 214 கிராமங்களையும் நேரில் கண்டு ஆய்வு செய்துள்ளார்" என்று எழுதியிருந்தது.

"அண்ணாச்சி, நான் எங்கயும் போகலியே? ஆறு வாரமே இன்னும் முடியலியே."

"எட்டு வருசமா இங்கருந்து ஒருத்தனும் போகல. நீ ஒருத்தன் மட்டும் போனா எங்களுக்குச் சங்கடமா இருக்காதா?"

"அதுக்காக இருநூத்திப் பதினாலா?"

"வட்டாரத்துல மொத்தம் அம்புட்டுத்தாம்லே இருக்கு. ஒரு ஊர விட்டா அந்த ஊர்க்காரன் கோவிச்சுக்கிடுவான்."

புதன்கிழமை காலை தாணுமாலயன் பைல் அடுக்கைத் தன் கையாலேயே சரிபார்த்தான். மேலே இருந்தது ஓடு மாற்றும் பைல். மாடியில் நான்கு ஓடு உடைந்திருந்தது, அதை மாற்ற அனுமதி. அடியில் அவனுடையது. திட்டம் தெளிவாக இருந்தது. ஓட்டுப் பைல் போகும்போது கண்ணாடியைக் கொடுப்பது. கையெழுத்து எங்கே விழுகிறது என்று பார்ப்பது. உடனே, "சாரல் பட்டிருக்கு ஐயா, துடைச்சுத் தாரேன்" என்று வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவது. நான்கு ஓடு விஷயத்தில் ஒரு மனிதர் கண்ணைத் திறந்து பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

மாடனைச் சம்மதிக்கவைப்பது கஷ்டமாக இல்லை. "எட்டு சீசனா மத்தவன் குளிக்கதப் பாத்துக்கிட்டே நின்னாச்சு தம்பி. இன்னைக்கு ஒரு நா நானும் தலைய நீட்டிக்கிடுதேன்" என்று கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டே அருவியை நோக்கி ஓடினான்.

டைரக்டர் குளித்துவிட்டு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். குத்தாலிங்கம் அடுக்கை எடுத்தார். மரத்தடியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் குளித்த தலையோடு வேடிக்கை பார்த்தார்கள். சொரிமுத்துவும் ஒருவன். எல்லாம் அதே மாதிரி.

அப்போது சாரல் அடித்தது. பெரிய மழை இல்லை. குற்றாலத்தில் யாரும் தலைநிமிர்ந்து பார்க்காத மழை. இலையில் தங்கி ஒரு கை தெளித்துவிட்டுப் போயிற்று. மேலே இருந்த பைலின் மை கலங்க ஆரம்பித்தது. குத்தாலிங்கம் இருபத்தைந்து வருடம் சாரலில் உத்தியோகம் பார்த்தவர். அடுக்கை அப்படியே ஒரு புரட்டுப் புரட்டினார். நனைந்தது அடிக்குப் போனது. உலர்ந்தது மேலே வந்தது.

தாணுமாலயன் இதைப் பார்க்கவில்லை. அவன் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே வந்துகொண்டிருந்தான்.

"ஐயா, கண்ணாடி" என்றான்.

குத்தாலிங்கத்தின் வாயிலிருந்து வெற்றிலைச் சாறு இறங்கியது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீட்டிய கண்ணாடியை டைரக்டர் என்ன செய்வார்? வாங்கினார். போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்ட பிறகு, படிக்காமல் இருக்க வழியில்லை. படித்தார். உதடு அசைய அசைய, விரலை வரியில் வைத்து, முழுவதும் படித்தார். பதினோரு நிமிடம் ஆயிற்று. சோதனை நடத்துகிறவன் என்ற முறையில் தாணுமாலயன் அதையும் குறித்துக்கொண்டான். நான்கு ஓட்டுக்கு இவ்வளவு என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தபோது, தன் பெயர் தெரிந்தது.

"இது யார், தாணுமாலயன்?"

"நான்தான் ஐயா."

"இருநூற்றுப் பதினான்கு கிராமம். ஆறு வாரம். ஒரு நாளைக்கு ஐந்து வருகிறது. இன்னும் ஆறு வாரம் முடியவும் இல்லை. எதெல்லாம் பார்த்தாய்?"

பொய் சொல்லலாம். ஐந்தாறு ஊர்ப் பெயர் சொன்னால் போதும். ஆனால் ஆராய்ச்சி மனப்பான்மைக்கு மூன்று வருடம் சம்பளம் கட்டிப் படித்தவன் அவன்.

"இலஞ்சி, ஐயா. அது என் ஊரு."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். டைரக்டர் பைலை மூடினார். பேனாவைத் திறந்து, ஓரத்தில், கோட்டின் மேல், முத்து முத்தாக ஒரே வார்த்தை எழுதினார்: "பேசவும்." அரசாங்கத்தில் அந்த வார்த்தை எழுதிய பைல் அதற்குப் பிறகு பேசாது.

எழுந்தவர், தாணுமாலயனை அருகில் அழைத்தார். குரல் மற்றவர்களுக்குக் கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

"தம்பி, கண்ணாடி வேண்டும் என்று நான் கேட்டேனா?"

"இல்ல ஐயா."

"எட்டு வருஷத்தில் ஒருநாள் கேட்டிருக்கிறேனா?"

தாணுமாலயனுக்குக் குளிக்காமலே பல் கிட்டியது. மாடன் சொன்ன காரணம் தவறு. வயதாகிவிட்டது என்று தெரிந்துவிடும் என்பதற்காக அவர் கேட்காமல் இல்லை. படித்தால் பதில் எழுத வேண்டும். பதில் எழுதினால் நிலையத்தை மூட வேண்டும். மூடினால் ஜூலையில் எங்கே போவது? இதைக் கண்டுபிடித்ததில் ஒரு கணம் அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மறுகணம் முக்காலி ஞாபகம் வந்தது.

டைரக்டர் போன பிறகு குத்தாலிங்கம் பைல்களைக் கட்டிவிட்டு அவன் பக்கம் திரும்பினார். 

"என்னலே இது?"

"சோதனை, அண்ணாச்சி. நீங்க புரட்டுவியன்னு தெரியாது."

"சவத்து மூதி. நாங்க எட்டு வருசம் சோதிச்சுத்தாம்லே இதைக் கண்டுபிடிச்சோம்."

வியாழக்கிழமை முகாமின் கடைசி நாள். சாயங்கால ரயிலுக்கு டைரக்டர் புறப்பட வேண்டும். ஐந்து பைலும் அப்படியே கிடந்தன. மாடனுக்கோ காய்ச்சல். எட்டு வருடம் கழித்து அருவியில் நின்றதை உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை. தாணுமாலயனை அருவிப் பக்கம் காலெடுத்து வைக்கக்கூடாது என்று சொல்லியாயிற்று. கண்ணாடியை வாங்கி வைத்திருக்க ஆள் இல்லாமல் குத்தாலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். துண்டைப் பிழிந்துகொண்டு சொரிமுத்து நின்றுகொண்டிருந்தான். ஒரு மாதமாகத் தினமும் குளிக்க வரும்போது பார்த்த முகம்.

"ஏலே தம்பி, இங்க வா. ஐயா குளிக்கப் போறாரு. இதப் பிடி. கூப்பிட்டாலும் வராதே."

"ஆட்டும் அண்ணாச்சி" என்றான் சொரிமுத்து.

சொன்னபடி செய்தான். சொன்னதற்கு மேலேயும் செய்தான். கண்ணாடியைத் தூக்குச்சட்டிக்குள் பத்திரமாக வைத்தவன், வைத்ததையே மறந்துவிட்டு, ஐந்தருவிக்குப் போகும் ஒரு வண்டியில் ஏறிப் போய்விட்டான். டைரக்டர் பன்னிரண்டு மணிக்கு, "பேசவும்" எழுதியது போக மற்ற நான்கு பைலிலும் கையெழுத்துப் போட்டார். கண்ணாடி வரவில்லை. சாப்பிட்டார். வரவில்லை. மூன்று மணி வரை வரவில்லை. அதற்குள் குத்தாலிங்கம் தென்காசிக்கு ஆளனுப்பி, 1958 முதல் கேள்விகளோடு தூங்கிக்கொண்டிருந்த பைல்களை எல்லாம் ஒரு வாடகைக் காரில் வரவழைத்தார். நான்கு மணிக்கு சொரிமுத்து வந்து சேர்ந்தபோது மூன்று வருட வேலை முடிந்திருந்தது.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி, மறந்தே போயிட்டு."

குத்தாலிங்கம் அவனை அப்படியே கட்டிக்கொள்ளப் போனார். ஈரமாக இருந்ததால் விட்டுவிட்டார். "ஒன் பேரு என்னப்பா? படிச்சிருக்கியா?" என்று கேட்டார். பி.ஏ. என்றதும் கண்கலங்கினார். டைரக்டர் ரயிலேறும்போது, "பையன் நம்பகமானவன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். உதவியாளர் பைலின் முதல் பக்கம் மட்டும் அன்று சாயங்காலமே வேறு காகிதத்தில் எழுதப்பட்டு, ஸ்டேஷனில், கண்ணாடி இன்னும் சொரிமுத்துவின் தூக்குச்சட்டியிலேயே இருக்க, கடைசிக் கையெழுத்தாக விழுந்தது. பெயர் ஒன்றுதான் மாறியது. இருநூற்றுப் பதினான்கு கிராமங்கள் அப்படியே இருந்தன.

மறுநாள் தாணுமாலயன் அந்தக் காகிதத்தைப் பார்த்தான். சொரிமுத்துவின் பெயருக்கு மேல், கோட்டைவிட்டு அரை அங்குலம் ஏறி, டைரக்டரின் கையெழுத்து. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும், சொல்லத்தான் வேண்டும், கூடவே ஒரு ஓரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது. கண்ணாடிதான் காரணம் என்பது நிரூபணமாகிவிட்டது.

ஆறு வாரம் முடிந்ததும், இன்னும் ஒரு மாதம் எடுத்துக்கொண்டு பத்துப் பக்கம் எழுதினான். கையெழுத்து ஏறுவதன் காரணம், குளிர் பற்றிய சோதனை, இருபது விநாடி, பதினோரு நிமிடம், எதையும் விடவில்லை. பிரின்ஸிபாலிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கடைசியில் "மிக நன்று" என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். தாணுமாலயன் மனசுக்குள் எண்ணினான். பத்துப் பக்கத்துக்கும் சேர்த்து இருபது விநாடி. பிரின்ஸிபால் மூக்கில் கண்ணாடி இருந்தது. சுத்தமாகத் துடைத்த கண்ணாடி.

பஸ்ஸில் திரும்பும்போது அவன் ஆராய்ச்சி முழுவதும் இடிந்து போயிருந்தது. கண்ணாடி போட்டும் ஒருவர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார் என்றால், காரணம் வேறு என்ன என்று ஆலங்குளம் வரை யோசித்தான். அங்கே இறங்க வேண்டியிருந்தது. ஆவணி பிறந்திருந்தது.

முக்காலி, அம்மா சொன்னதைவிடக் குட்டையாக இருந்தது. உளியை எந்தச் சாய்வில் பிடித்தால் எழுத்து வழுக்காது என்று முதல் வாரமே நான்கு விதமாகச் சோதித்தான். "சோதிக்கதுக்கு என் பாத்திரந்தான் கெடைச்சுதா?" என்று மாமா கத்தினார். புரட்டாசியில் ஒரு நாள் கடை வாசலில் ஜிப்பா போட்ட ஆள் வந்து நின்றான். சொரிமுத்து.

"ஏலே தாணு! தண்ணி வைக்க ஒரு பெரிய செப்பு அண்டா வேணும். காலேஜுக்கு அன்பளிப்பு. பிரின்ஸிபால் கேட்டு விட்டிருக்காரு."

"சோலி எப்படிலே இருக்கு?"

"இனி ஜூலைக்குத்தாம்லே. அதுவரைக்கும் உட்காரச் சொல்லியிருக்காரு அண்ணாச்சி." சொரிமுத்து குரலைத் தாழ்த்தினான். "எம்மேல கோவமாலே?"

"இல்லலே. ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னைக்கு நெசமாவே மறந்துதான் போனியா?"

"நெசமாலே. சட்டியத் தொறந்து சோறு தின்னப்பக்கூட அது என்னன்னு நெனப்பு வரலியே."

தாணுமாலயன் அதையும் யோசித்தான். பிறகு அண்டாவை மடியில் சாய்த்துக்கொண்டு, பிரின்ஸிபால் எழுதி அனுப்பியிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்துப் பார்த்து, ஒரு பிழையும் இல்லாமல் வெட்டினான்:

"எமது கல்லூரியின் செயல்முறைப் பயிற்சித் திட்டம் ஈன்ற முதல் வெற்றி, செங்கோட்டை மர டிப்போவில் ஆறு வாரம் பயின்று அரசுப் பணியில் அமர்ந்த மாணவர் சொரிமுத்து, பி.ஏ., அன்புடன் வழங்கியது."

அந்த மர டிப்போ செங்கோட்டையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொரிமுத்துவுக்கு இன்றுவரை தெரியாது.